பாம் ஷெல்டரைக் காலி செய்தோம். நீங்கள் எப்போது "போதும்" என்றீர்கள்?

#1 மலர்_செங்காங் | ஞாயிறு, 9 மார்ச், இரவு 10:42

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி. இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆகஸ்டில் வீட்டில் ஒரு வாடை. நாலு நாள் தேடினோம். மாமியார்தான் கடைசியில் பாம் ஷெல்டர் (குண்டு விழுந்தால் ஒதுங்கக் கட்டிய அறை) கதவில் மூக்கை வைத்துவிட்டு, "இங்கேதான் ஏதோ செத்துக் கிடக்கு" என்றார். சிங்கப்பூரில் புது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த அறையை யாரும் போருக்கு என்று வைத்திருப்பதில்லை. கனத்த இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. வேண்டாததையெல்லாம் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் கூடம் சுத்தமாகத் தெரியும்.

சனிக்கிழமை முழுக்க எடுத்து வெளியே வைத்தோம். ஏர் ஃப்ரையர் இரண்டு, இரண்டாவது வாங்கும்போது முதலாவது இருப்பதே மறந்துபோயிருக்கிறது. தீபாவளி சர விளக்கு நாலு டப்பா. சின்னவனின் முதல் பிறந்தநாளுக்குச் செய்த ஆளுயரத் தெர்மாகோல் யானை (அவனுக்கு இப்போது 9 வயது). புதுமனைப் புகுவிழாவுக்கு வந்த கண்ணாடிக் குவளை செட் ஆறு, பிரிக்கவே இல்லை. பெட்டி பிரிக்காத டேபிள்டாப் கிரைண்டர் ஒன்று. அப்புறம் துணிப்பைகள். 2023 ஜூலையில் பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்கு 5 காசு என்று வந்தது அல்லவா, அந்த 5 காசு கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) துணிப்பை வாங்கியிருக்கிறேன். எண்ணினேன், 37.

கடைசியில் கிடைத்தது ஒரு பல்லி. சுண்டுவிரல் நீளம்.

நான் கணக்கர் வேலை பார்க்கிறேன், கை சும்மா இருக்காது. விலை நினைவில் இருந்த சாமான்களை மட்டும் கூட்டினேன். 4,300 வெள்ளி. அன்று இரவே ஒரு முடிவு: ஒரு வருடத்துக்குச் சாப்பாடு, மருந்து, பள்ளிச் செலவு, பஸ், ரயில் தவிர எதுவும் வாங்குவதில்லை. உடைந்தால் பழுதுபார்ப்பது. முடியாவிட்டால் யாராவது பயன்படுத்தியதைத் தேடுவது. ஏழு மாதம் ஓடிவிட்டது.

இப்படிக் குறைத்துக்கொண்டவர்கள் இங்கே இருப்பீர்கள். எவ்வளவு மிச்சம் என்பதை விடுங்கள். எந்த நாளில், எதைப் பார்த்து உங்களுக்கு அலுத்தது? அதைச் சொல்லுங்கள்.


#2 கோப்பி_ஓ_கோசோங் | ஞாயிறு, 9 மார்ச், இரவு 11:15

பல்லிக்கு என் அனுதாபங்கள். 4,300 வெள்ளியில் சமாதி எனக்கே கிடைக்காது.

கிரைண்டர் எத்தனை லிட்டர்?


#3 ஈசூன்_எஞ்சினியர் | திங்கள், 10 மார்ச், காலை 7:50

எனக்குக் காரில் தொடங்கியது. வாங்காத கார்.

2012இல் திருச்சியிலிருந்து வந்தேன். ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "கார் வாங்கியாச்சா?" சிங்கப்பூரில் காருக்கு முன்னால் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) என்று ஒன்று வாங்க வேண்டும், அது 10 வருடத்துக்குத்தான் செல்லும் என்று அப்பாவுக்கு விளக்கினால், ஏதோ சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார். 2023 அக்டோபரில் பெரிய கார் சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனது, சின்ன கார் 106,000. வகுத்துப் பாருங்கள். பெரிய காருக்கு ஒரு நாளைக்கு 41 வெள்ளி, சின்னதுக்கு 29. கார் இன்னும் வரவில்லை! கார் வைத்துக்கொள்ளும் உரிமைக்கு மட்டும் இது.

ஆனால் கணக்குப் பார்த்து நான் மாறவில்லை. என் டீமில் ஒருவர், 48 வயது, கொண்டோமினியம், கார், இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில் படிப்பு. ஒரு வியாழக்கிழமை காலையில் ஆட்குறைப்பு. மதியம் மேசையிலிருந்த சின்னச் செடியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருந்தார். வண்டி நிறுத்தும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், காரை வெளியே எடுக்க யாராவது கீழே வந்து அட்டையைத் தட்ட வேண்டும். நான் போனேன். காருக்கு இன்னும் நாலு வருடக் கடன் இருக்கிறது என்று அந்த நேரத்தில் ஏனோ சொன்னார்.

அன்றிரவு எக்ஸெல் திறந்தேன். வேலையை விட்டு வாழ வேண்டுமென்றால் வருடச் செலவைப்போல் 25 மடங்கு வேண்டும் என்று ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது. எங்கள் செலவு மாதம் 3,000, அதாவது 9 லட்சம் வெள்ளி வேண்டும். அதையே 2,400 ஆக்கினால் 7 லட்சத்து 20 ஆயிரம் போதும். மாதம் 600 குறைத்தால் இலக்கில் 1 லட்சத்து 80 ஆயிரம் குறைகிறது! சம்பளத்தை ஏற்றுவது என் கையில் இல்லை, இது என் கையில் இருக்கிறது. ஒரு சிக்கல்: மசேநியில் (மத்திய சேம நிதி) என் 20, முதலாளியின் 17 என்று 37 விழுக்காடு போகிறது, அதை 55 வயது வரை ரொக்கமாக எடுக்க முடியாது. எனவே 55க்கு முன்னால் ஓய்வு என்றால் அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

என் காரணம் எளிமையெல்லாம் இல்லை அக்கா, பயம். பயத்துக்கு நல்ல பேர் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.


#4 நேர்படப்_பேசு | திங்கள், 10 மார்ச், பிற்பகல் 1:08

எல்லோரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான் ஈரறை வாடகை வீட்டில் வளர்ந்தவள். அம்மா, பாட்டி, நாங்கள் மூன்று பேர். எங்கள் வீடு எளிமையாக இருக்கவே இல்லை. நிரம்பி வழிந்தது. ஐஸ்கிரீம் டப்பா, மார்ஜரின் டப்பா, பழைய ஒயர், கால் உடைந்த மேசை விசிறி இரண்டு (ஒன்றின் மோட்டார் இன்னொன்றுக்கு உதவும்), பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த மூன்று அளவுச் சீருடைகள். அம்மா ஒரு ரப்பர் பேண்டைக்கூட வீசமாட்டார். வீசிவிட்டால் பிறகு வாங்கக் காசு இருக்காது, அதனால்தான்.

"இது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை" என்று தூக்கிப் போட ஒரு தைரியம் வேண்டும். வேண்டும்போது மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்கிற தைரியம். அது வங்கிக் கணக்கில் இருந்து வருவது. வெள்ளைச் சுவர், ஒரு செடி, ஒரு நாற்காலி என்று படம் போடுகிறார்களே, அந்த ஒரு நாற்காலி என்ன விலை என்று பார்த்திருக்கிறீர்களா?

மலர் அக்கா, உங்களைச் சொல்லவில்லை. கொஞ்சம் உங்களையும்தான்.


#5 மலர்_செங்காங் | திங்கள், 10 மார்ச், இரவு 9:30

கோபமெல்லாம் இல்லைமா. எனக்கே அது உறுத்தியது. யானையைக் குப்பைக்குக் கொண்டுபோகும்போது, கீழே புளோக்கைக் கூட்டும் அண்ணன் "வேணாமா இது, நல்லா இருக்கே?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கே வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது.

குவளை செட்களைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தோம். கிரைண்டர் இன்னும் இங்கேதான். 2 லிட்டர். அம்மா ஊரிலிருந்து கப்பலில் போட்டு அனுப்பியது, கொடுக்கவும் மனசில்லை, அரைக்கவும் நேரமில்லை. மாவு பாக்கெட்தான் வாங்குகிறோம்.


#6 கோப்பி_ஓ_கோசோங் | செவ்வாய், 11 மார்ச், காலை 10:20

இன்றைக்கு மழை, வெளியே போக முடியாது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் 1966இல் பிறந்தவன். அப்பாவுக்குச் செம்பாவாங் கடற்படைத் தளத்தில் வேலை. 1971இல் வெள்ளைக்காரன் மூட்டை கட்டினான், எங்களுடைய மூட்டையையும் கட்ட வேண்டியதாயிற்று. தோ பாயோவில் மூவறை வீடு. அந்தக் காலத்து எளிமையைப் பற்றி இப்போது கண்கலங்கப் பேசுகிறார்கள். நாங்கள் அதை எளிமை என்று சொல்லவில்லை, "மாசக் கடைசி" என்று சொன்னோம்.

தொண்ணூறுகளில் எனக்குக் கை நிறையச் சம்பளம். அப்போது ஊரே ஐந்து "சி" பற்றிப் பேசும்: ரொக்கம், கார், கிரெடிட் கார்டு, கொண்டோ, கன்ட்ரி கிளப். தமிழில் சொன்னால் ஒன்று "ரொ" ஆகிவிடுகிறது, மன்னிக்கவும். 1994இல் கிரேட் சிங்கப்பூர் சேல் தொடங்கினார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் பாதி விலை என்று நானும் என் மனைவியும் எடுத்துவந்த பைகளைத் தூக்க டாக்சிக்காரர் இறங்கி வந்தார். ஐந்தில் எனக்கு இரண்டு கிடைத்தது, காரும் கார்டும். 98இல் நெருக்கடி வந்து வேலை போனபோது கார் போனது, கார்டு போகவில்லை. அதன் வட்டி எப்படி வளரும் என்று அப்போதுதான் படித்தேன். இப்போதும் பாருங்கள், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் ஆண்டுக்கு 26 விழுக்காட்டுக்கு மேல் போகும். அடைத்து முடிக்க ஆறு வருடம். மனைவி அந்த ஆறு வருடமும் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் சீக்கிரம் மறந்திருப்பேன்.

அதன்பிறகு பழக்கமாகிவிட்டது. தினமும் நூலகம், ஒரு கோப்பி, பூங்கா இணைப்புப் பாதையில் நடை. பழைய சாமான் விற்கும் சுங்கை ரோடு திருட்டுச் சந்தை இருந்தவரை ஞாயிறுதோறும் போவேன். 2017 ஜூலை 10ஆம் தேதி கடைசி நாள். அன்றைக்கு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை 5 வெள்ளிக்கு வாங்கினேன். பாடாது. பாடாது என்று தெரிந்துதான் வாங்கினேன். மிஞ்சியிருக்கும் ஆடம்பரம் அது ஒன்றுதான்.

நூலகத்தில் படித்த ஒரு கதை. ரிச்சர்ட் கிரெக் என்று ஓர் அமெரிக்க வழக்கறிஞர், 1920களில் இந்தியாவுக்கு வந்து காந்தியின் ஆசிரமத்தில் தங்கியவர். தன்விருப்பத்தோடு எளிமையாக வாழ்வது பற்றி 1936இல் ஒரு கட்டுரை எழுதினார், இன்று உலகம் முழுக்கப் பேசும் அந்தச் சொற்றொடரே அவருடையதுதான். அவர் காந்தியிடம், எல்லாவற்றையும் விட்டுவிட முடிகிறது, புத்தகங்களை மட்டும் விட முடியவில்லை என்றாராம். அப்படியானால் விடாதே, அது உனக்கு உள்ளே துணையாக இருக்கும்வரை வைத்துக்கொள், வீம்புக்காக விட்டால் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கும் என்கிற மாதிரி பதில். மலர், கிரைண்டரை வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்று இதில் இருந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.


#7 பாலி_பையன் | செவ்வாய், 11 மார்ச், இரவு 11:58

அங்கிள், ரேடியோவை ரிப்பேர் கோப்பித்தியாமுக்கு எடுத்துட்டுப் போங்க. 2014இல் தொடங்கினது, மாசக் கடைசி ஞாயிறு நடக்கும். நாமளே கழற்றிப் பழகணும், தன்னார்வலர்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பாங்க. நான் போன வருஷம் அம்மாவோட ரைஸ் குக்கரைச் சரி பண்ணினேன். உருகுகம்பி மட்டும்தான் போயிருந்தது, சில காசு சமாச்சாரம். அம்மா அதுக்குள்ள புதுசு வாங்கிட்டாங்க லா.


#8 தாதி_இரவுப்பணி | புதன், 12 மார்ச், காலை 8:35

வேலை முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்னால் அம்மா போனார். அங் மோ கியோ வீட்டைக் காலி செய்யும் வேலை என் தலையில். அலமாரியில் 64 சேலை. சாயம் போனது மூன்றே மூன்று, மீதி மடிப்புக் கலையவில்லை. சமையலறை மேல்தட்டில் பூப்போட்ட தட்டு செட், ஒவ்வொன்றும் தமிழ் முரசில் சுற்றி வைத்தது. பிரித்துத் தேதி பார்த்தேன், 1994. முப்பது வருடம் "யாராவது வந்தால் எடுக்கலாம்" என்று இருந்திருக்கிறது. நாங்களெல்லாம் வந்தோம். எங்களுக்கு எடுக்கவில்லை. அம்மா சாப்பிட்டது விளிம்பு உடைந்த பச்சை மெலமைன் தட்டில்.

பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரர் வந்தார். துணிக்குக் கிலோ கணக்கு. கையில் தூக்கிப் பார்க்கும் தராசு ஒன்று வைத்திருப்பார், அதன் கொக்கியில் அம்மாவின் பட்டுச் சேலை மூட்டை ஆடியதைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் அங்கிள், இறக்குங்க" என்று சொல்லிவிட்டேன். பிறகு அண்ணிமாருக்கும் வார்டில் கூட வேலை செய்பவர்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஒரு பிலிப்பீன்ஸ் தோழி ஜன்னல் திரையாகத் தைத்திருக்கிறாள், அழகாக இருக்கிறது.

அதிலிருந்து வாங்குவது தானாகவே நின்றுவிட்டது. கடையில் எதைக் கையில் எடுத்தாலும் அந்தத் தராசுக் கொக்கி தெரிகிறது. ஆனால் நான் எளிமைக்காரி இல்லை. தட்டு செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தினமும் அதில்தான் சாப்பிடுகிறேன். இதுவரை இரண்டு உடைந்துவிட்டது. பரவாயில்லை.


#9 துவாஸ்_தம்பி | புதன், 12 மார்ச், இரவு 10:05

எல்லாருக்கும் வணக்கம். நான் கப்பல் பட்டறையில் வெல்டர். அறந்தாங்கிப் பக்கம். ஒன்பது வருசம் ஆச்சு.

நேர்படப்பேசு அக்கா எழுதினதைப் படிச்சு எழுதணும்னு தோணிச்சு. விடுதியில எங்க ரூம்ல 12 பேர். எனக்கு ஒரு கட்டில், ஒரு இரும்பு அலமாரி. அலமாரியோட அகலம் என் தோள் அகலம்தான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றேன்: ஜீன்ஸ் ரெண்டு, சட்டை நாலு, எவர்சில்வர் தட்டு, டம்ளர், கோடாலித் தைலம் ஒன்று பிரிச்சது, பிரிக்காதது ஆறு (ஊருக்கு), மகள் போட்டோ, ஷேவிங் செட், பாஸ்போர்ட் காப்பி. அவ்வளவுதான். நீங்க ஒரு வருசம் முயற்சி பண்றீங்களே, அது எனக்கு ஒன்பது வருசமா வாழ்க்கை. யாரும் பாராட்டினது இல்ல :)

ஆனா ஊர்ல என் வீட்டைப் பாருங்க. மாடி வீடு, வாசல்ல கிரானைட். 55 இன்ச் டிவி. வாஷிங் மெஷின் இருக்கு, தண்ணி அழுத்தம் பத்தாம ஓடாது, மேல துணி போட்டு மூடி பூச்சாடி வச்சிருக்காங்க. நான் இங்க எதுவும் வாங்காததாலதான் அங்க எல்லாம் வாங்க முடியுது.

2022இல் லீவுக்குப் போறப்ப எனக்கும் வெறுத்துப்போச்சு. ஒவ்வொரு தடவையும் முஸ்தஃபா கடையில சாக்லேட், சென்ட், சோப்பு, தைலம்னு 30 கிலோ கட்டிக்கிட்டுப் போறது. இந்தத் தடவை வேணாம், அந்தக் காசைக் கையில கொடுப்போம்னு தோள் பை ஒண்ணோட போய் இறங்கினேன். காசையும் கொடுத்தேன், வழக்கத்தைவிடக் கூடவே. அப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா ரெண்டு நாள் டீக்கடைக்குப் போகல. தினமும் காலையில ஆறு மணிக்குப் போற ஆளு. மூணாவது நாள் நான் புதுக்கோட்டைக்குப் போய் அங்க கடையில வெளிநாட்டு சாக்லேட் வாங்கிட்டு வந்து கொடுத்தேன். அன்னைக்குச் சாயங்காலம் சட்டைப் பையில அள்ளிப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போனார்.

அதனால எனக்குச் சந்தேகம். பொருளை விடுறது லேசு. அப்பாவை டீக்கடைக்கு அனுப்புறது எப்படி?


#10 நேர்படப்_பேசு | புதன், 12 மார்ச், இரவு 10:31

தம்பி, சாக்லேட்டைப் புதுக்கோட்டையிலேயே வாங்கினீர்களா. சிரித்துவிட்டு அப்புறம் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.


#11 மலர்_செங்காங் | வியாழன், 13 மார்ச், இரவு 11:20

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு, சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

போன நவம்பரில் இரண்டு கல்யாணம், இரண்டு வாரத்தில். இரண்டும் வீட்டுக்காரர் பக்கம். முதல் கல்யாணத்துக்கு ஒரு மாம்பழக் கலர் பட்டு கட்டினேன், இரண்டாவதற்கும் அதையே. அலமாரியில் வேறு இல்லாமல் இல்லை, அது பிடித்திருந்தது, அயர்ன் செய்து தயாராக இருந்தது. நகையிலும் தாலிக்கொடி, தோடு மட்டும். 916 தங்கம் (22 காரட்) கிராம் நூறு வெள்ளியைத் தாண்டிய காலத்தில் எல்லோரும் கழுத்து நிறையப் போட்டு வந்திருந்தார்கள், வாடகைக்கு எடுத்ததும் அதில் உண்டு, எனக்குத் தெரியும்.

பந்தியில் எனக்கு எதிரே இருந்த ஒருத்தர், "மலர், தம்பிக்கு வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். நல்லா போகுது என்றேன். ஐந்து நிமிடத்தில் இன்னொருத்தர் அதையே கேட்டார். கை கழுவப் போன இடத்தில் பெரியத்தை, 70 வயதுக்கு மேல், என்னை ஓரமாக இழுத்தார். முந்தானையில் இருந்து நாலாய் எட்டாய் மடித்த 200 வெள்ளியை எடுத்து என் கையில் வைத்து மூடினார். "யாருக்கும் தெரிய வேண்டாம். இந்தக் காலத்தில யாருக்குத்தான் ஆட்குறைப்பு வரல. பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடு."

எனக்கு வாயே வரவில்லை. இல்லை அத்தை, நான் வேண்டுமென்றுதான் இப்படி இருக்கிறேன் என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவர் ஒருகாலத்தில் மூன்று வீட்டில் துணி துவைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். "வேண்டுமென்றே" என்ற சொல் அவருக்கு எப்படிக் கேட்கும்? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காரில் (டாக்சிதான்) வரும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "உனக்கு இது ஒரு பரிசோதனை. எனக்கு மானம்" என்றார். கல்யாணமான 16 வருடத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் போய்ப் புதுச் சட்டை இரண்டு வாங்கிவந்தார். விதியை மீறிவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. விதி நான் போட்டது, அவரைக் கேட்டுப் போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த 200 வெள்ளி இன்னும் அதே மடிப்போடு சாமி அறையில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.


#12 ஈசூன்_எஞ்சினியர் | வெள்ளி, 14 மார்ச், காலை 8:02

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் சொன்னதைப் படித்துவிட்டு என் மனைவியிடம் கேட்டேன். "என் எக்ஸெல் பற்றி என்ன நினைக்கிறாய்?" பதில்: "மகளுக்கு ட்யூஷன் வேண்டும் என்று நான் ஆறு மாதமாகச் சொல்கிறேன். அதற்கு உங்கள் எக்ஸெலில் வரிசை இல்லை."

ட்யூஷன் நுகர்வா, தேவையா? சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2023இல் ட்யூஷனுக்குச் செலவழித்தது 180 கோடி வெள்ளி என்று கணக்கெடுப்பில் வந்தது. ஒருவர் பிள்ளையை அனுப்பினால் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பாமல் இருக்க முடியாது. காரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது. காரை விட்டால் நஷ்டம் எனக்கு. ட்யூஷனை விட்டு, பிஎஸ்எல்இ-இல் (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) ஏதாவது ஆனால் நஷ்டம் அவளுக்கு. அங்கேதான் என் கணக்கு முட்டி நிற்கிறது.


#13 பாலி_பையன் | வெள்ளி, 14 மார்ச், காலை 8:40

நான் நாலு ட்யூஷன் போனேன் அண்ணே. இப்ப ரைஸ் குக்கர் ரிப்பேர் பண்றேன்.


#14 கோப்பி_ஓ_கோசோங் | வெள்ளி, 14 மார்ச், காலை 11:12

பையா, உனக்கு ஒரு கோப்பி என் கணக்கில்.

எஞ்சினியர், உங்கள் மனைவி சொல்வது சரி. வரிசை போடுங்கள். எவ்வளவு என்பதை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். என் வீட்டில் அடகுக்கும் கார்டுக்கும் கையெழுத்துப் போட்டது நான் ஒருவன், அடைத்தது இரண்டு பேர். சிக்கனத்திலும் அதே கூத்து நடக்கலாம்.

மலர், பெரியத்தைக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அவர் அதைக் கொடுத்ததில் ஒரு சந்தோஷம் இருந்திருக்கும், அதைப் பிடுங்க வேண்டாம். பேசாமல் ஒருநாள் அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். நன்றாக இருக்கிறீர்கள் என்று அவரே பார்த்துக்கொள்வார்.


#15 மட்டுறுத்துநர் | வெள்ளி, 14 மார்ச், பிற்பகல் 3:00

கடன் வாங்கித் தருவதாக இடையில் வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. எளிய வாழ்க்கை பற்றிய இழையில் வந்து கேட்கிறார்கள், தைரியம்தான். தொடருங்கள்.


#16 துவாஸ்_தம்பி | சனி, 15 மார்ச், இரவு 9:14

மலர் அக்கா, ஒரு விசயம் கேட்கலாமா. தப்பா எடுத்துக்காதீங்க. கிரைண்டர் இன்னும் இருக்கா? கேண்டீன் சாப்பாடு எங்களுக்கு ஒத்துக்கல, ஞாயித்துக்கிழமை நாங்களே சமைக்கிறோம். கூட இருக்கிற சின்னாளப்பட்டிக்காரர் ஊர்ல இட்லிக் கடை வச்சிருந்தவர். விடுதி சமையலறையில வச்சுக்கலாமான்னு பொறுப்பாளர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார். சும்மா வேணாம், விலை சொல்லுங்க.


#17 மலர்_செங்காங் | சனி, 15 மார்ச், இரவு 9:40

அம்மாவுக்கு இப்போதுதான் போன் போட்டேன். "அரைக்கிறவங்க கைக்குப் போனா சரி" என்றார். அத்தோடு விடவில்லை, நீ அரைக்க மாட்டாய் என்று அனுப்பும்போதே தெரியும் என்று பத்து நிமிடம்.

விலையெல்லாம் வேண்டாம் தம்பி. ஆனால் கல்லோடு 11 கிலோ. செங்காங்கிலிருந்து துவாஸ் வரை எப்படித் தூக்கிப்போவீர்கள்?


#18 கோப்பி_ஓ_கோசோங் | சனி, 15 மார்ச், இரவு 9:52

என்னிடம் மடக்கு டிராலி ஒன்று இருக்கிறது, அதுவும் சுங்கை ரோடு. ஒரு சக்கரம் கீச்சிடும். அவுட்ரம் பார்க்கில் கிழக்கு மேற்கு ரயில் பாதைக்கு மாறும் இடத்தில் லிஃப்டைப் பிடியுங்கள், எஸ்கலேட்டர் வேண்டாம். நாளை காலை 10 மணிக்கு செங்காங் எம்ஆர்டி கட்டண வாயிலில் இருப்பேன், நீலத் தொப்பி.


#19 துவாஸ்_தம்பி | சனி, 15 மார்ச், இரவு 10:01

ரொம்ப நன்றி அண்ணே. நன்றி அக்கா. அடுத்த ஞாயிறு இட்லி கொண்டு வரேன், அம்மாகிட்ட சொல்லுங்க.


#20 மலர்_செங்காங் | சனி, 15 மார்ச், இரவு 10:48

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். வாரண்டி அட்டை, மாவு வழிக்கும் கரண்டி, தேங்காய்த் துருவி எல்லாம் இருக்கிறது. போட்டுப் பார்த்தோம், ஓடுகிறது. மாமியார் உடனே உளுந்து ஊறப்போடப் போனார், தடுத்துவிட்டேன்.

அடிப்பக்கத்தில் பல்லி முட்டை இரண்டு ஒட்டியிருந்தது. காலி ஓடுதான். துடைத்துவிட்டேன்.